ஹுவாங்ஜி பத்தியின் வழியே: பழஞ்சீன நூல்களை இணையத்தில் படித்த அனுபவம்

தென்னிந்தியக் கடல் வணிகத்தைப் பற்றிப் பேசும் தமிழ் நூல்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். சீனத்து ஹான் பேரரசின் வரலாற்று நூல் 'ஹுவாங்ஜி' என்றொரு நாட்டைக் குறிப்பிடுகிறது என்பதும், அது நம் காஞ்சிபுரமே என்பதும்தான் அந்தச் செய்தி. பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த அத்தியாயத்தில் இருக்கிறது, காஞ்சி என்று முடிவு செய்தவர்கள் எதை வைத்து அப்படிச் செய்தார்கள் என்பவை சொல்லப்படுவதில்லை. சீன எழுத்துகளை மெல்ல மெல்லக் கற்றுவந்த எனக்கு அந்த ஒரு பத்தியையாவது மூலத்தில் படித்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. பழஞ்சீன வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இணையத்தில் உள்ள பெரிய தளங்கள் பலவும் எனக்கு அறிமுகமானது இந்த ஆசையால்தான். தளங்களின் பட்டியலைத் திரட்டி வைத்துக்கொள்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதையும் அவர்கள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. படித்தே ஆகவேண்டிய ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்தால் எந்தத் தளம் எதற்கு உதவும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

பத்தி இருக்குமிடம் ஹான்ஷு என்னும் நூல். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய இந்த ஹான் வரலாற்றில் 100 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றுள் நிலவியலைப் பற்றிய 28-ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் இது வருகிறது. இன்றைய நடு வியட்நாமில் இருந்த ரினான் எல்லையிலிருந்தும், தென்சீனக் கரையின் சுவென், ஹெபு ஆகிய ஊர்களிலிருந்தும் கப்பலேறி ஐந்து மாதம், பிறகு நான்கு மாதம், பிறகு இருபது நாளுக்கு மேல், அதன்பின் பத்து நாளுக்கு மேல் தரைவழி நடை, மீண்டும் இரண்டு மாதத்துக்கு மேல் கடல் எனக் கணக்குச் சொல்லி, முடிவில் ஹுவாங்ஜியைச் சொல்கிறார் பான் கு. பேரரசர் வூவின் காலம் முதல் அந்நாட்டார் காணிக்கையோடு வந்ததாகவும், அரண்மனையின் 'மஞ்சள் வாயில்' அலுவலகத்தைச் சேர்ந்த தலைமை மொழிபெயர்ப்பாளர்கள் பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்து, கண்ணாடிப் பொருள்கள், அரிய கற்கள் முதலியவற்றை வாங்கி வந்ததாகவும் எழுதுகிறார். பேரரசர் பிங்கின் ஆட்சியில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த வாங் மாங், ஹுவாங்ஜி மன்னனுக்குப் பெரும் பரிசுகளை அனுப்பி உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றை அனுப்பச் செய்த கதையும் அங்கே இருக்கிறது.

இதை நான் முதலில் படித்தது 'சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட்' என்னும் தளத்தில். டொனால்ட் ஸ்டர்ஜன் என்ற ஆய்வாளர் 2000-களின் நடுவில் தொடங்கியது இது. சின் பேரரசுக்கு முந்தைய நூல்களையும் ஹான் கால நூல்களையும் பத்தி பத்தியாகப் பிரித்து எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தியின் ஒவ்வோர் எழுத்துக்கும் அகராதிப் பொருளை அங்கேயே பார்க்கலாம். அதே சொற்றொடர் வேறு எந்தப் பழநூலில் வருகிறது என்பதையும் தளமே தேடித் தரும். பண்டைச் சீன ஆசிரியர்கள் முன்னோர் நூல்களிலிருந்து பெயர் சொல்லாமலே எடுத்தாள்வது வழக்கம் ஆதலால், இந்த ஒப்புமைத் தேடல் வெறும் வசதி என்பதைத் தாண்டி ஆய்வுக்கே அடிப்படையாகிறது. கன்பூசியஸின் 'உரையாடல்கள்', மென்சியஸ், லாவோசி, 305 பாடல்கள் கொண்ட 'பாடல் நூல்' போன்றவற்றுக்கு ஜேம்ஸ் லெக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்திலேயே உண்டு. 1861 முதல் வெளிவந்தவை என்பதால் அவற்றின் நடை பழையது. கன்பூசிய மரபின் 'நான்கு நூல்க'ளில் லெக் பெரிதும் ஜு சி என்ற சோங் பேரரசுக் கால அறிஞரின் உரையைப் பார்த்தே பொருள் கொண்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லெக் தொடாத நூல்களுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு கிடைப்பதில்லை. ஹான்ஷுவின் நிலவியல் அத்தியாயத்தில் நாமும் அகராதியும் மட்டுமே.

ஆனால் பத்தியைக் கண்டுபிடிக்கவே முதலில் சிரமப்பட வேண்டியிருந்தது. காரணம் எழுத்துப்பெயர்ப்பு. நம் ஊர் நூல்கள் பலவற்றுக்கு மூலமான பழைய ஆய்வுகள் பிரெஞ்சு முறையில் 'ஹுவாங்-ச்சே' என்று எழுதின. பழைய ஆங்கில நூல்கள் வேட்-ஜைல்ஸ் முறையில் வேறுவிதமாக எழுதின. 1958-இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையில் அதே பெயர் மற்றொரு விதமாக வரும். சிமா சியென் என்ற வரலாற்றாசிரியரே பழைய நூல்களில் 'ஸ்ஸு-மா ச்சியென்' ஆகிவிடுவதால், ஒருவரை இருவராக எண்ணிப் படிப்பவர்கள் உண்டு. ஒலிபெயர்ப்பை நம்பித் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் உரிய சீன எழுத்துகளையே ஒரு குறிப்பேட்டில் படியெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நூற்பெயர், ஆசிரியர் பெயர், ஊர்ப்பெயர் மூன்றும் எழுத்து வடிவில் கையில் இருந்தால் எல்லாத் தளங்களும் திறக்கும். பெயர்களுக்கு அறிமுகம் வேண்டுமென்றால் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ரிச் தியோபால்ட் தனியொருவராக எழுதிவரும் 'சைனா நாலெட்ஜ்' கலைக்களஞ்சியம் போதும். ஒவ்வொரு நூலுக்கும் அது எப்போது தொகுக்கப்பட்டது, எத்தனை அத்தியாயம், எந்தெந்த உரைகள் என்பதை அவர் சுருக்கமாகத் தந்துவிடுகிறார். தனிமனிதர் ஒருவரின் உழைப்பு இவ்வளவு நம்பகமாக இருப்பதை இணையத்தில் அரிதாகவே காண்கிறோம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். திரையில் தெரிவது நூல் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் தெரிவது அந்நூலின் ஏதோ ஒரு பதிப்பு. எந்தப் பதிப்பு என்று கேட்காமல் மேற்கோள் காட்டினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு சோங் காலத் தளபதி யுவே ஃபேயின் பெயரால் வழங்கும் 'ஆறு முழுதும் சிவப்பு' என்ற பாட்டு நல்ல சான்று. வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜூர்ச்சென் பகைவர்மேல் கொண்ட சினத்தில், பசித்தால் அந்நியரின் தசையை உண்பேன், தாகம் எடுத்தால் சியுங்னு என்னும் வடபுல நாடோடிகளின் குருதியைக் குடிப்பேன் என்ற பொருளில் அமைந்த இரண்டு வரிகள் அதில் புகழ்பெற்றவை. 1773-இல் சியென்லுங் பேரரசர் தொடங்கி வைத்த 'நான்கு கருவூலங்களின் முழுத்தொகுப்பு' என்னும் மாபெரும் பதிப்பில் அந்த வரிகளே இல்லை. வேறு சொற்கள் வந்து அமர்ந்திருக்கின்றன. பேரரசர் மஞ்சூ இனத்தவர், ஜூர்ச்சென்களின் வழிவந்தவர். வடபுலத்தாரை இழித்துப் பேசும் சொற்களை அவருடைய பதிப்பாளர்கள் விட்டுவைப்பார்களா? 3,400-க்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்ட அத்தொகுப்பு முழுதும் இப்படித் திருத்தங்கள் உண்டு. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் பக்கப் படங்களிலும், தட்டச்சு செய்த மூலங்களிலும் பெரும்பகுதி இந்தத் தொகுப்பிலிருந்தே வருகிறது. அது ஒரே இடத்தில் இருக்கிறது, கையெழுத்து அழகாக இருக்கிறது, இயந்திரம் எளிதாகப் படிக்கிறது. எனவே எல்லோரும் அதையே எடுத்தார்கள். எல்லைப்புற மக்களைப் பற்றியோ வெளிநாடுகளைப் பற்றியோ படிப்பவர் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

அரசியல் இல்லாத இடத்திலும் பாடபேதம் உண்டு. தாங் பேரரசுக் காலக் கவிஞர் லி பாய் எழுதிய 'அமைதியான இரவின் நினைவு' சீனக் குழந்தைகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் நான்கு வரிப் பாட்டு. இன்று பள்ளிகளில் படிப்பதில் 'ஒளிரும் நிலா' இரண்டு முறை வருகிறது. சோங் காலப் பதிப்பில் அது ஒருமுறைகூட இல்லை: முதல் வரியில் கவிஞன் நிலவொளியைப் 'பார்க்கிறான்', மூன்றாம் வரியில் தலை நிமிர்ந்து காண்பது 'மலை நிலா'. கவிதைத் தளங்கள் பலவும் பள்ளிப் பாடத்தையே தருகின்றன, அடிக்குறிப்புகூட இருப்பதில்லை. லாவோசியின் நூலும் அப்படியே. நாம் சாதாரணமாகப் படிப்பது கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாங் பி உரையெழுதிய பாடம். 1973-இல் மாவாங்துயி கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளிலோ நூலின் இரண்டாம் பாதி முதலில் வருகிறது. சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்டில் சுவடிப் பாடமும் தனியே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்த பழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு அது அந்நியமாகவே தோன்றாது.

ஆகவே ஒரு தளத்தில் கிடைத்த பத்தியை இன்னும் இரண்டு இடங்களிலாவது சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் விட்டர்ன் உருவாக்கிய 'கான்செகி ரெப்பாசிடரி' இதற்கு மிகவும் ஏற்றது. ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளை அடையாளம் சொல்லித் தனித்தனியே வைத்திருக்கிறது, கோப்புகளை கிட்ஹப் என்னும் கோப்புப் பகிர்வுத் தளத்திலிருந்து அப்படியே இறக்கிக்கொள்ளலாம். சீன மொழி விக்கிமூலத்தில் மூலப் பதிப்பைக் குறித்த பக்கங்களும் உண்டு, குறிக்காத பக்கங்களும் உண்டு. குறிக்காதவற்றை நான் தேடலுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். பைட்டான்ஸ் நிறுவனமும் பீக்கிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட 'ஷிதியன் கூஜி' தளம் மூலத்தையும் பக்கப் படத்தையும் அருகருகே காட்டுகிறது. ஐயம் வந்தால் படத்தைப் பார்ப்பதுதான் வழி. அச்சேட்டுப் பக்கங்களின் தெளிவான படங்களை ஹார்வர்டு-யென்சிங் நூலகம், ஜப்பானின் வசேதா பல்கலைக்கழக நூலகம், பெய்ஜிங்கின் தேசிய நூலகம் ஆகியவை இலவசமாகத் தருகின்றன.

பக்கப் படத்தைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் உரைகளின் இடம் எனக்கு விளங்கியது. பழைய அச்சில் மூலம் பெரிய எழுத்திலும், அதன் நடுநடுவே உரை சிறிய எழுத்தில் இரட்டை வரியாகவும் இருக்கும். ஹான்ஷுவுக்கு தாங் காலத்து யான் ஷிகு எழுதிய உரை, திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரைபோல, நூலிலிருந்து பிரிக்க முடியாதது. சிமா சியெனின் வரலாற்று நூலான 130 அத்தியாய ஷிஜிக்கு பே யின், சிமா ஜென், ஜாங் ஷோஜியே ஆகிய மூவர் உரைகள் சேர்ந்தே அச்சாகும். மின்படிகளில் சில இந்த உரைகளை முற்றாக விட்டுவிடுகின்றன. சில, எழுத்தின் அளவு வேறுபாடு போய்விட்டதால், உரையை மூலத்தோடு கலந்துவிடுகின்றன. ஒரு வாக்கியம் திடீரென்று தன்னையே விளக்கத் தொடங்கினால், அது மூலம் அன்று, உரையாசிரியரின் குரல் என்று ஐயப்பட வேண்டும். தைவானின் அகாதெமியா சினிகா 1984 முதல் உருவாக்கிவரும் பழஞ்சீன நூல் தரவுத்தளம் இந்த வகையில் ஒழுங்கானது: இருபத்தைந்து அரச வரலாறுகளும் உரைகளோடு, அச்சுப் பதிப்பின் பக்க எண்ணோடு இருக்கின்றன. கட்டுரை எழுதுபவர்க்கு அந்தப் பக்க எண் ஒன்றே பெரிய உதவி. தளத்தின் ஒரு பகுதி எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. மீதி உறுப்பு நிறுவனங்களுக்கு மட்டும்.

நிறுத்தற்குறிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய சீன நூல்களில் அவை இல்லை. இன்று நாம் காணும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் 20-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் இட்டவை. ஷிஜிக்கு ஜோங்ஹுவா புத்தக நிறுவனம் 1959-இல் வெளியிட்ட குறியிட்ட பதிப்பே பெரும்பாலான மின்படிகளுக்கு வழிகாட்டி. ஹுவாங்ஜி பத்தியில், வழியெங்கும் உணவும் துணையும் கிடைத்தன, 'அயலாரின் வணிகக் கப்பல்கள் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தன' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதை அடுத்து, வணிகத்தில் ஆதாயம், கொள்ளையடித்துக் கொல்லுதல் என்ற சொற்கள் எழுவாய் இல்லாமல் நிற்கின்றன. கொல்பவர் அந்தக் கப்பல்காரர்களா, வழியில் உள்ளவர்களா என்பது புள்ளி வைப்பவர் கையில் இருக்கிறது. அது எப்படி இருந்தாலும், முன் வாக்கியம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வது ஒன்று: ஹான் அரசின் தூதர்கள் பயணம் செய்தது அயலார் கப்பல்களில். 'சீனக் கப்பல்கள் காஞ்சிக்கு வந்தன' என்று நம் நூல்களில் வரும் வாக்கியத்துக்கு இந்தப் பத்தி சான்றாகாது. மூலத்தைத் தேடிப்போன உழைப்புக்கு எனக்குக் கிடைத்த பெரிய பயன் இந்தத் தெளிவுதான்.

தேடும்போது எழுத்து வடிவமும் தொல்லை தரும். சீன மக்கள் குடியரசின் எளிய எழுத்து முறையில் 'அரசி' என்பதற்கும் 'பின்' என்பதற்கும் ஒரே வடிவம். மரபெழுத்தில் இரண்டு வேறு. எளிய வடிவிலிருந்து இயந்திரத்தால் மரபெழுத்துக்கு மாற்றிய மூலங்களில் அரசமாதா 'பின்மாதா' ஆகிக் கிடப்பதைப் பார்க்கலாம். முடிந்தவரை மரபெழுத்தில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், தைவான் கல்வி அமைச்சகத்தின் மாற்றுவடிவ அகராதியில் அந்த எழுத்தின் பிற வடிவங்களைப் பார்த்து மீண்டும் தேட வேண்டும்.

காலமும் இடமும் அறிய வேறு கருவிகள் உள்ளன. அகாதெமியா சினிகாவின் நாட்காட்டி மாற்றியில் ஆட்சியாண்டுப் பெயரையும் மாதத்தையும் நாளையும் இட்டால் மேற்கத்திய நாள் வரும். ஆண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது சரியன்று. சீன ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் பெரும்பாலும் நமது அடுத்த ஆண்டின் ஜனவரியில் விழும். கவிஞர் சு ஷி 'ஜிங்யூ' என்னும் ஆட்சிப் பெயரின் மூன்றாம் ஆண்டில், பன்னிரண்டாம் மாதத்தில் பிறந்தார். ஆண்டை மட்டும் மாற்றினால் 1036, நாளையும் சேர்த்து மாற்றினால் 1037 ஜனவரி 8. நூல்களில் இரண்டு ஆண்டுகளும் காணப்படுவதற்கு இதுவே காரணம். சோழர் தூதுகளைப் படிப்பவர்க்கும் இது பயன்படும்: சோங் வரலாற்றின் 489-ஆம் அத்தியாயம் 'ஜூநியென்' என்ற பெயரில் சோழநாட்டைச் சொல்லும்போது ஆட்சியாண்டும் சில இடங்களில் மாதமும் தருகிறது, 1015, 1033, 1077 என்று நாம் எழுதும் ஆண்டுகள் இப்படி மாற்றிப் பெற்றவையே.

பழைய ஊர்களுக்கு ஹார்வர்டும் ஃபூதான் பல்கலைக்கழகமும் 2001 முதல் உருவாக்கிய வரலாற்று நிலவியல் தரவு உதவுகிறது, கி.மு. 221 முதல் 1911 வரையிலான நிர்வாக ஊர்களை ஆண்டெல்லையோடு அதில் காணலாம். ஹுவாங்ஜி மக்களின் பழக்கங்கள் ஜூயாவை ஒத்தவை என்று பான் கு எழுதுகிறாரே, அந்த ஜூயா ஹைனான் தீவில் இருந்தது என்பதை அறிந்ததும் ஒப்பீட்டின் பொருள் சற்றுத் துலங்குகிறது. ஆளறிய, ராபர்ட் ஹார்ட்வெல் தொடங்கி வைத்த சீன வாழ்க்கைக் குறிப்புத் தரவுத்தளம் உண்டு. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உறவு, பதவி, ஊர் விவரங்கள் அதில் இருந்தாலும், பெரும்பகுதி 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர்களைப் பற்றியது. ஹான் காலத்தவரை அங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பௌத்த நூல்களுக்குத் தைப்பேயின் சிபெட்டா தளம் தனி உலகம். 1998 முதல், தைஷோ திரிபிடகம் என்னும் சீனப் பௌத்த நூல் தொகுப்பின் பெரும்பகுதியை மின்வடிவாக்கியிருக்கிறார்கள். 646-இல் முடிந்த சுவான்சாங்கின் (நம் பாடநூல்களின் யுவான் சுவாங்) பயண நூலில் பத்தாம் பகுதியைத் திறந்தால் திராவிட நாடும் அதன் தலைநகர் காஞ்சிபுரமும் வருகின்றன: நகரின் சுற்றளவு லீ என்னும் சீனத் தொலைவளவில் முப்பதுக்கு மேல், நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துறவியர், எண்பதுக்கும் மேற்பட்ட தேவர் கோயில்கள். இங்கே காஞ்சியின் பெயரில் யாருக்கும் ஐயமில்லை. ஹுவாங்ஜி விஷயம் அவ்வளவு உறுதியானதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு, ஜப்பானிய அறிஞர்கள் ஒலியொப்புமையையும் பயணக் கணக்கையும் வைத்து முன்மொழிந்த கருத்து அது. சுமத்திராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் இடம் தேடியவர்கள் உண்டு. ஒலியை வைத்து வாதிடுவோர் இன்றைய மாண்டரின் ஒலியை வைத்து வாதிடக் கூடாது. வில்லியம் பாக்ஸ்டரும் லோரான் சகார்ட்டும் 2014-இல் வெளியிட்ட பழஞ்சீன ஒலி மீட்டுருவாக்கப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அதன்படி, பெயரின் இரண்டாம் எழுத்து அக்காலத்தில் 'கெ' போன்று ஒலித்தது. 'காஞ்சி'யோடு அதைப் பொருத்துவது முதற்பார்வைக்குத் தோன்றும் அளவு எளிதன்று.

அகராதிகளில், கைப்பேசிக்கு பிளெகோ செயலியை விஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. அதன் இலவச அகராதி இன்றைய சீனத்துக்கு உரியது. பழஞ்சீனத்துக்கு பால் குரோலின் செவ்வியல், இடைக்காலச் சீன அகராதியைக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், செலவழித்த காசு வீண்போகாது. இயந்திர மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். இன்றைய சீனத்தில் 'நடப்பது' என்று பொருள்படும் எழுத்து பழஞ்சீனத்தில் 'ஓடுவது'. 'மனைவி' என்று இன்று பொருள்படும் இரட்டைச் சொல் அன்று 'மனைவி மக்கள்'. இயந்திரம் தயங்காமல் இன்றைய பொருளைத் தந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பழைய நடையை ஓரளவு நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் 'இந்த வரி எந்த நூலில் இருக்கிறது' என்று கேட்டால், இல்லாத வரிக்கும் அத்தியாய எண் சொல்லிவிடுகின்றன. அவை தரும் எந்த மேற்கோளையும் சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்டிலோ அகாதெமியா சினிகா தளத்திலோ எழுத்து மாறாமல் தேடி, கிடைத்தால் மட்டுமே நான் குறித்துக்கொள்கிறேன்.

பெரிய சந்தா தரவுத்தளங்கள் தனிமனிதருக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. தொடக்க நிலையில் அவை தேவையும் இல்லை. நான் இதுவரை பெயர் சொன்னவற்றுள் குரோலின் அகராதியையும் அகாதெமியா சினிகாவின் மூடிய பகுதியையும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே காசில்லாமல் பயன்படுத்தலாம். தளங்கள் முகவரி மாறுவதும் சில காலம் திறக்காமல் போவதும் உண்டு என்பதால், நெருங்கிப் படிக்கும் பத்திகளை மட்டும் எழுத்து வடிவிலும் பக்கப் படமாகவும் இறக்கி, பதிப்பின் பெயரையும் பார்த்த நாளையும் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். ஹுவாங்ஜி பத்திக்கு அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. அதன் கடைசி வரி ஹுவாங்ஜிக்குத் தெற்கே 'யிசெங்பு' என்றொரு நாடு இருப்பதாகவும், ஹான் தூதர்கள் அங்கிருந்தே திரும்பியதாகவும் சொல்கிறது. அதை இலங்கை என்று பலர் கொள்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்றுகளை இப்போது இதே முறையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன்.